வளையம் விழுந்துவிட்டது, அடுத்து என்ன?

மருந்துக்கு மசியாத கிருமிகளை அடக்கும் புதிய மூலக்கூறுகளைக் கடல் பாக்டீரியாக்களிடம் எப்படித் தேடுகிறோம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாணவர்களுடையவை. கேள்விகளும் நேரே ஆய்வக மேசையிலிருந்து எழுந்து வந்தவை. இடமிருக்கும் வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், கடல்நீரிலிருந்து நான் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பூசிய பிளேட்டில் 18 மில்லிமீட்டர் வளையம் காட்டுகிறது. புது ஆன்டிபயாட்டிக் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– முதுகலை நுண்ணுயிரியல் மாணவி

பதில்: முதலில் வாழ்த்துகள். இன்குபேட்டரிலிருந்து எடுத்த பிளேட்டை வெளிச்சத்தை நோக்கிச் சாய்த்துப் பிடிக்கும்போது, மங்கலாகப் படர்ந்த கிருமிப் பரப்பின் நடுவே ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று தெளிந்திருப்பதைப் பார்க்கும் சந்தோஷம், எத்தனை ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தாலும் குறைவதில்லை. ஆனாலும் புது ஆன்டிபயாட்டிக் என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள். இந்த இடத்தில் ஏதோ ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமியை வளரவிடவில்லை என்பதற்கு மேல் அந்த வளையம் எதுவும் சொல்லவில்லை.

அந்த 'ஏதோ ஒன்று' வெறும் அமிலமாக இருக்கலாம். சர்க்கரை சேர்த்த ஊடகத்தில், அதாவது நுண்ணுயிர்களை வளர்க்கும் சத்துக் கலவையில், வளரும் பல பாக்டீரியாக்கள் சுற்றுப்புறத்தைப் புளிக்கவைத்துவிடும். வளர்ப்புத் திரவத்தின் பி.எச். அளவைப் பாருங்கள்; 5-க்குக் கீழே போயிருந்தால் 7-க்குக் கொண்டுவந்து மறுபடி சோதியுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் இருக்கலாம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மரினோமோனாஸ் மெடிட்டெரேனியா என்ற கடல் பாக்டீரியா வெளியிடும் மரினோசின் என்ற புரதத்தை முதலில் கிருமிக்கொல்லிப் புரதம் என்றுதான் விவரித்தார்கள். பிறகுதான் அது லைசின் என்ற அமினோ அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதி என்பதும், அப்போது உண்டாகும் பெராக்சைடுதான் கிருமியைக் கொல்கிறது என்பதும் தெரிந்தன. உங்கள் மாதிரியில், பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். வளையம் காணாமல் போனால் உங்கள் பாக்டீரியாவின் வித்தையும் அதுவே. புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி சேர்த்ததும் வளையம் போனால், வேலை செய்வது ஒரு புரதம்.

இவற்றைத் தாண்டியும் வளையம் நின்றால், வளர்ப்புத் திரவத்தை எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் சாறெடுங்கள். பாக்டீரியா போடாத வெறும் ஊடகத்தையும் அதே அளவு, அதே நாள், அதே முறையில் சாறெடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள். இந்தக் கன்ட்ரோல் இல்லாத பிளேட் படத்தை யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சாறு தோய்த்து, கரைப்பான் முழுக்க ஆவியாகும் முன் பிளேட்டில் வைத்த காகித வட்டும் அழகான வளையம் கொடுக்கும்.

அடுத்து அந்த 18 மில்லிமீட்டர். வளையத்தின் அகலத்தை வைத்து வீரியத்தை எடைபோட முடியாது. சிறிய மூலக்கூறு, பிளேட்டில் ஊற்றி உறையவைத்த அகர் கூழுக்குள் வேகமாகப் பரவும்; பெரியது, நீரில் எளிதில் கரையாதது எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து போகும். 9 மில்லிமீட்டர் காட்டியது 18 காட்டியதைவிடப் பல மடங்கு வலுவாக இருக்க முடியும். ஆகவே 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்க்கவைத்து, கிருமியை அடக்கும் குறைந்தபட்சச் செறிவைக் கண்டுபிடியுங்கள். பரிசோதனைக்கு எடுக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் யாரோ தந்த பெயர் தெரியாத ஸ்ட்ரெய்னாக (ரகமாக) இருக்க வேண்டாம். ஏ.டி.சி.சி. என்ற அமெரிக்க நுண்ணுயிர்ச் சேகரிப்பின் 29213 போன்ற தரப்படுத்திய ஸ்ட்ரெய்னாக இருந்தால்தான் உங்கள் எண்ணை வேறொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியும்.

இத்தனையும் முடித்த பிறகு எழுதுங்கள். உங்கள் அடுத்த கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.

கேள்வி: பெனிசிலின் ஒரு பூஞ்சையில் கிடைத்தது, ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் கிடைத்தது. நிலத்தில் இவ்வளவு இருக்கும்போது கடலுக்கு ஏன் போக வேண்டும்?
– பள்ளி ஆசிரியர்

பதில்: நிலமே போதும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள் ஐயா. அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. 1943-ல் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்த பிறகு டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், வான்கோமைசின் என்று மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் வகை பாக்டீரியாக்கள் அள்ளி அள்ளிக் கொடுத்தன. பிறகு எந்த மண்ணைக் கிளறினாலும் பழைய மூலக்கூறுகளே மறுபடி மறுபடி வர ஆரம்பித்தன. மருந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இந்தத் தேடலை விட்டு விலகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கடலின் மீது கண் விழுந்ததும் நேற்று இன்றல்ல. 1945-ல் சார்டீனியாவின் காலியாரி நகரில் ஜுசெப்பே புரோட்சு என்ற மருத்துவப் பேராசிரியர், கழிவுநீர் கலக்கும் இடத்துக் கடல்நீரிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். இன்று மருத்துவமனைகளில் புழங்கும் செஃபலோஸ்போரின் குடும்பம் முழுவதற்கும் அதுதான் ஆதி. பூஞ்சைதான், பாக்டீரியா இல்லை; ஆனாலும் கிடைத்த இடம் கடல். 1947-ல் ரோசன்ஃபெல்டும் ஸோபெலும் கடல் நுண்ணுயிர்கள் ஆன்டிபயாட்டிக் உண்டாக்குவதை ஒரு கட்டுரையாகவே எழுதிவிட்டார்கள். அந்த ஸோபெல் வகுத்த ஊடகம் இன்றும் 2216 என்ற எண்ணோடு கடல் நுண்ணுயிர் ஆய்வகங்களின் அலமாரிகளில் இருக்கிறது.

கடல் எந்த வகையில் வேறு என்று கேட்டால், முதலில் அதன் உப்பைத்தான் சொல்வேன். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடும் 65 மில்லிகிராம் அளவுக்கு புரோமைடும் இருக்கின்றன. கடல் பாக்டீரியாக்கள் பலவற்றிடம் இந்த அணுக்களைப் பிடித்துத் தங்கள் மூலக்கூறுகளில் ஒட்டவைக்கும் நொதிகள் உள்ளன. 1966-ல் பர்க்ஹோல்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பென்டாபுரோமோசூடிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பாருங்கள். கடற்புல்லின் மேற்பரப்பில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா செய்த சின்னஞ்சிறு மூலக்கூறு அது. அதில் 5 புரோமின் அணுக்கள். மூலக்கூறின் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் புரோமின்! எனக்கு இந்தத் துறையின் மேல் பிடிப்பு வந்ததே அந்த அமைப்பு வரைபடத்தைப் பார்த்த பிறகுதான். பத்து கார்பன் அணுக்கள் கொண்ட எலும்புக்கூட்டைச் சுற்றி ஐந்து புரோமின். ஒரு வேதியியலாளர் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி வரைந்திருக்க மாட்டார்.

அதற்காகக் கடலில் எடுத்ததெல்லாம் கடலுக்கே உரிய பாக்டீரியா என்று எண்ணிவிடக் கூடாது. மழையும் ஆறும் நிலத்து பாக்டீரியாக்களின் ஸ்போர்களை, அதாவது விதைபோல் உறங்கும் செல்களை, கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. கடல்நீர் இல்லாமல் வளரவே மறுக்கும் ஆக்டினோமைசீட்ஸ் உண்டா என்பது நெடுநாள் விவாதம். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் வில்லியம் ஃபெனிக்கலும் பால் ஜென்சனும் பஹாமாஸ் வண்டலிலிருந்து பிரித்தெடுத்த, கடல்நீர் இல்லாமல் வளராத சாலினிஸ்போரா என்ற ஆக்டினோமைசீட்தான் அதைத் தீர்த்துவைத்தது. 2007-ல் சாலினிஸ்போரா டிராபிகாவின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட மூலக்கூறுகளைச் செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

கேள்வி: ஆழ்கடலில் போய் எடுத்தால்தான் புதியது கிடைக்குமா? கப்பல் வசதி இல்லாத எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– ஆராய்ச்சி மாணவர்

பதில்: ஆழத்தைப் பற்றிய மோகம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது தம்பி. மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்து வண்டலிலிருந்து டெர்மகாக்கஸ் அபிஸ்ஸி என்ற பாக்டீரியாவைப் பிரித்து, டெர்மகோசின் என்ற புதிய சேர்மங்களைக் கண்டெடுத்தார்கள், உண்மைதான். அபிஸ்ஸோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பெயரைக் கேட்டால் பாதாளத்திலிருந்து வந்ததுபோல் தோன்றும். அது கிடைத்தது ஜப்பான் கடலில் 289 மீட்டர் ஆழத்தில். பாக்டீரியாக்கள் ஃபோலிக் அமிலம் தயாரிக்கும் பாதையை அது புதிய ஓர் இடத்தில் அடைக்கிறது என்பதால் 2004-ல் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆந்த்ராக்ஸ் கிருமியை அடக்கும் ஆந்த்ராசிமைசின் 2013-ல் வெளிவந்தது. அதைச் செய்யும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிடைத்ததோ கரையை ஒட்டிய வண்டலில்! ஆகவே கப்பல் இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். ஒரு தேடலின் தலைவிதி, மாதிரியை எடுத்த இடத்தைவிட, எடுத்த பிறகு அதை நடத்தும் விதத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கடற்பஞ்சு, பவளம், கடற்பாசி இவற்றின் மேல் வாழும் பாக்டீரியாக்களைத் தேடுவதற்கும் இது பொருந்தும்.

நடத்தும் விதத்தை விவரமாகவே சொல்கிறேன். ஈர வண்டலை அப்படியே பிளேட்டில் தடவினால் இரண்டு நாளில் வேகமாக வளரும் பாக்டீரியாக்கள் மொத்தப் பரப்பையும் மூடிவிடும். நமக்கு வேண்டியவையோ மெதுவாக வளரும் ஆக்டினோமைசீட்ஸ். அவற்றுக்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால் மற்றவற்றை அடக்கிவைக்க வேண்டும். வண்டலை, வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் லாமினார் ஹூடு பெட்டிக்குள் இரவு முழுக்க உலர விட்டு, கிருமி நீக்கிய பஞ்சுருண்டையால் ஒற்றி, பிளேட்டில் வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக முத்திரை குத்துவது ஒரு முறை. வண்டலைக் கடல்நீரில் கரைத்து 55 டிகிரியில் சில நிமிடம் சூடாக்குவது இன்னொன்று. ஸ்போர்கள் தாக்குப்பிடிக்கும், மற்றவை பெரும்பாலும் அடங்கும். பூஞ்சையை அடக்க சைக்ளோஹெக்சிமைடு, கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு கொண்ட கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்களை அடக்க நாலிடிக்சிக் அமிலம் சேர்ப்போம். ஊடகத்தைச் சத்துக் குறைவாகவே வைப்போம்.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். பல மாணவர்கள் தோற்பது இங்கேதான். ஒரு வாரத்தில் எதுவும் வரவில்லை என்று பிளேட்டை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாராஃபில்ம் சுற்றி, உலர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, ஆறு வாரம், எட்டு வாரம் வைத்துப் பாருங்கள். ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழே, வழவழப்பான பெரிய காலனிகளின் இடுக்கில், குண்டூசித் தலைக்கும் சிறிதாக ஒன்று தெரியும். நிறம் ஆரஞ்சு, விளிம்பு கரடுமுரடு, மேலே பளபளப்பு இல்லை. லூப் என்ற கம்பி வளையத்தால் வழித்தால் வராது. வேர்விட்டதுபோல் அகருக்குள் இறங்கியிருப்பதால் நுனி கூர்மையான ஊசியால் அகரோடு சேர்த்துக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். சாலினிஸ்போராவாக இருந்தால் நாள் செல்லச் செல்ல ஸ்போர் வைத்து ஆரஞ்சு கறுப்பாக மாறும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்றால் இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போதே மழை விழுந்த மண்ணின் வாசம் அடிக்கும்; ஜியோஸ்மின் என்ற சேர்மத்தின் வேலை அது. அதற்காகப் பிளேட்டைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். அடையாளம் தெரியாத எதையும் முகரக் கூடாது.

கேள்வி: கடலில் உள்ள பாக்டீரியாக்களில் 99 சதவீதம் ஆய்வகத்தில் வளராது என்கிறார்களே, அப்படியானால் வளரும் ஒரு சதவீதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோமா?
– அறிவியல் ஆர்வலர்

பதில்: ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியாக்கள். அதையே வழக்கமான ஊடகத்தில் பரப்பினால் வருபவை அதில் மிகச் சிறு பங்குதான். ஆனால் 'வளராது' என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. நாம் தரும் நிலைமையில் வளரவில்லை, அவ்வளவே.

2002-ல் கேபர்லைன், கிம் லூயிஸ், ஸ்லாவா எப்ஸ்டைன் மூவரும் செய்ததைப் பாருங்கள். அலை ஏறி இறங்கும் இடத்து வண்டலிலிருந்து பாக்டீரியாக்களை எடுத்து, இரண்டு நுண்துளைச் சவ்வுகளுக்கு நடுவே அடைத்து, அதே வண்டல் இருந்த தொட்டியில் வைத்தார்கள். சவ்வின் துளை வழியே பாக்டீரியா வெளியேற முடியாது. கடலின் சத்துக்களும் அண்டை உயிர்கள் விடும் சமிக்ஞை மூலக்கூறுகளும் தாராளமாக உள்ளே வரும். அதுவரை பிளேட்டில் வராதவையெல்லாம் காலனி வைத்தன. அந்த வழியில் வளர்ந்த ஐசிப் என்ற கருவியைக் கொண்டுதான் 2015-ல் ஒரு மண் பாக்டீரியாவிடமிருந்து டெய்க்சோபாக்டினைக் கண்டெடுத்தார்கள். மண்ணில் பெயர் வாங்கிய அந்த உத்தி முதலில் கைகூடியது கடல் வண்டலில்.

வளர்ந்த பாக்டீரியாவும் தன்னிடம் உள்ளதையெல்லாம் காட்டிவிடுவதில்லை. மரபணுவைப் படித்தால் இருபது மூலக்கூறு செய்யும் திறன் தெரியும். குடுவையில் இரண்டு மூன்றுதான் கிடைக்கும். மீதி மரபணுக்கள் உறங்கிக் கிடக்கும். உப்பை மாற்றி, சத்தை மாற்றி, இன்னொரு உயிரை உடன் வளர்த்து அவற்றை எழுப்பிப் பார்ப்பார்கள். 2001-ல் ஒரு கடல் பூஞ்சையையும் ஒரு கடல் பாக்டீரியாவையும் சேர்த்து வளர்த்தபோது பெஸ்டலோன் என்ற ஆன்டிபயாட்டிக் வந்தது. தனித்தனியாக வளர்த்தபோது அது வரவில்லை. 2014-ல் பிராட்லி மூரின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. சாக்கரோமோனோஸ்போரா என்ற கடல் ஆக்டினோமைசீட்டில் உறங்கிக் கிடந்த நீண்ட மரபணுக் கொத்தை ஈஸ்ட்டின் துணையோடு அப்படியே பிடித்தார்கள். அதை அடக்கிவைத்திருந்த ஒரு மரபணுவை நீக்கி, வேறொரு ஸ்ட்ரெப்டோமைசிஸுக்குள் செலுத்தினார்கள். வந்தது டாரோமைசின், மருத்துவமனைகளில் பயன்படும் டாப்டோமைசினின் நெருங்கிய உறவு, குளோரின் சேர்ந்தது.

கேள்வி: பல மாதம் பாடுபட்டு ஒரு சேர்மத்தைச் சுத்தமாகப் பிரித்தேன். கடைசியில் அது ஏற்கெனவே தெரிந்த ஆன்டிபயாட்டிக் என்று தெரிந்தது. அதைக் கைவிடச் சொல்கிறார் என் வழிகாட்டி. இது நியாயமா?
– முனைவர் பட்ட மாணவர்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. வழிகாட்டி சொல்வதும் சரிதான். இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் நடப்பது இது. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் கடற்பஞ்சில் வாழும் சாலினிஸ்போராவை ஆராய்ந்தபோது 2006-ல் கிடைத்தது ரிஃபாமைசின். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குத் தாயான அதே சேர்மம்! மண் பாக்டீரியாவிடமிருந்து 1950-களிலேயே கிடைத்துவிட்ட ஒன்று. புதிய இடம், புதிய பாக்டீரியா, பழைய மூலக்கூறு.

வருத்தப்பட வேண்டியது, இது பல மாதத்துக்குப் பிறகு தெரிந்தது என்பதற்குத்தான். முதல் சாறு கைக்கு வந்த வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். சாற்றில் ஒரு துளியை, கலவையைப் பிரித்து மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் எல்.சி.எம்.எஸ். கருவியில் ஓட்டுங்கள். எந்தப் பகுதியில் கிருமியை அடக்கும் திறன் இருக்கிறதோ, அந்தப் பகுதியின் மூலக்கூறு எடை, புற ஊதா நிறமாலை, உடைந்த துண்டுகளின் எடை மூன்றையும் எடுங்கள். இயற்கைச் சேர்மங்களுக்கான தரவுத்தளங்களில் ஒப்பிடுங்கள். ஜி.என்.பி.எஸ். என்ற திறந்த தளத்தில், துண்டுகள் ஒத்திருக்கும் மூலக்கூறுகள் ஒரே வலையாகச் சேர்ந்து தெரியும். உங்களுடையது எந்தக் குடும்பத்தோடும் ஒட்டாமல் தனித்து நின்றால் அதைத் துரத்துங்கள். மரபணுத் தொகுதி இருந்தால் ஆன்டிஸ்மாஷ் நிரலில் போட்டால் எந்த வகை மூலக்கூறை எதிர்பார்க்கலாம் என்று சொல்லும். இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளும் வழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. மாணவர்களின் இளமையை அது தின்றுவிடுகிறது என்பதால் கடுமையாகவே சொல்கிறேன்: ஏற்கெனவே தெரிந்த சேர்மங்களை இப்படிக் கழித்துக்கட்டும் முன், சேர்மத்தைச் சுத்தமாகப் பிரிக்கும் கண்ணாடிக் குழாயில் யாரும் சிலிக்கா நிரப்பக் கூடாது.

சேர்மத்தைக் கைவிடலாம், பாக்டீரியாவைக் கைவிட வேண்டாம். அதே பாக்டீரியா வேறு ஊடகத்தில் வேறொன்றைத் தரக்கூடும்.

கேள்வி: கடலில் புதிய ஆன்டிபயாட்டிக் என்று அடிக்கடி செய்தி வருகிறது. நான் மருந்து விற்கிறேன். ஒன்றுகூட என் அலமாரிக்கு வந்ததில்லையே?
– மருந்தாளுநர்

பதில்: கடல் பாக்டீரியாவிடமிருந்து பிரித்தெடுத்து, மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக்காக அனுமதி பெற்ற மருந்து இதுவரை ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்பது முழுக்க நியாயம்.

கிருமியைக் கொல்வது எளிது. மனிதனைத் தொடாமல் கொல்வதுதான் கடினம். சாலினிஸ்போராவின் புகழ்பெற்ற சாலினோஸ்போராமைடு, மனித செல்லில் வேண்டாத புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமை அடைத்துவிடுகிறது. அதனால்தான் அது புற்றுநோய் மருந்து ஆராய்ச்சிக்குப் போனது. மரினோபைரோல் என்ற இன்னொரு கடல் மூலக்கூறு, மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற ஸ்டெஃபைலோகாக்கஸைச் சோதனைக் குழாயில் நன்றாக அடக்குகிறது. அதே குழாயில் மனித சீரம் 20 சதவீதம் சேர்த்தால் அதன் வேகம் விழுந்துவிடுகிறது. ரத்தத்தில் வேலை செய்ய வேண்டிய மருந்துக்கு இது பெரிய குறை. மரினோமைசின் என்ற மூலக்கூறுக்கு வெளிச்சமே ஆகாது; அறை வெளிச்சத்திலேயே வடிவம் மாறிவிடும். இன்னொரு சுவர், கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு. கடல் தந்த மூலக்கூறுகளில் மிகப் பல ஸ்டெஃபைலோகாக்கஸை அடக்கும். கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளிடம் தோற்றுப்போகும். மூலக்கூறு உள்ளே நுழைந்தாலும் இந்தக் கிருமிகள் பம்பு வைத்து வெளியே தள்ளிவிடுகின்றன. இப்போது மிகவும் தேவைப்படுவதோ இவற்றை அடக்கும் மருந்துகள். அளவுப் பிரச்சினை தனி: ஒரு லிட்டர் வளர்ப்பில் சில மில்லிகிராம் கிடைத்தால் அமைப்பைக் கண்டுபிடிக்கலாம், எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போதாது.

பணம் இன்னொரு பக்கம். ரத்த அழுத்த மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிடுவார்கள். ஆன்டிபயாட்டிக்கை ஒரு வாரம். அதிலும் புதியதாக வந்தால் அதைப் பத்திரப்படுத்தி, வேறு வழி இல்லாதபோது மட்டும் கொடுங்கள் என்று மருத்துவர்களே சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆகாவோஜென் என்ற நிறுவனம் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 2018-ல் அமெரிக்க அனுமதி பெற்றது, 2019-ல் திவாலானது. மருந்து நல்ல மருந்துதான்.

அதே 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை உயிர்கள் போகும்போது, விற்ற அளவுக்குத்தான் வருமானம் என்ற ஏற்பாட்டை இந்த மருந்துகளுக்கு மட்டுமாவது மாற்றியாக வேண்டும். கையிருப்பில் வைத்திருப்பதற்கே அரசு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும் முறையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பிரிட்டன் அதைத் தொடங்கியிருக்கிறது.

கேள்வி: கிருமியைக் கொல்லும் விஷத்தை ஒரு பாக்டீரியா தன் வயிற்றுக்குள்ளேயே செய்தால் அது ஏன் சாவதில்லை?
– ஏழாம் வகுப்பு மாணவன்

பதில்: அருமையான கேள்வி கண்ணா! விஷம் ஒரு சாவி என்று வைத்துக்கொள். எதிரி பாக்டீரியாவின் பூட்டில் நுழைந்து அதை உடைத்துவிடும். செய்கிற பாக்டீரியா தன் பூட்டின் வடிவத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளும். சாவி அதில் நுழையாது. சில பாக்டீரியாக்கள் செய்ததும் செய்யாததுமாக விஷத்தை வெளியே இறைத்துவிடும்.

நீ கேட்ட இதே கேள்வியைத்தான் பெரியவர்களும் 2015-ல் ஒரு தேடும் வழியாக மாற்றினார்கள். எந்த பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில் மாற்றி வைத்த பூட்டு ஒன்று கூடுதலாக இருக்கிறதோ, அதன் பக்கத்திலேயே விஷம் செய்யும் மரபணுக்களும் இருக்கும் என்று ஊகித்தார்கள். சாலினிஸ்போரா வகைகளில் தேடிப் பார்த்தார்கள். கொழுப்பு அமிலம் செய்யும் நொதி ஒன்று கூடுதலாக இருந்த இடத்தில், அந்த நொதியையே தாக்கும் தயோலாக்டோமைசின் வகை ஆன்டிபயாட்டிக் செய்யும் மரபணுக்கள் கிடைத்தன.

கேள்வி: கடலில் இவ்வளவு கிருமிக்கொல்லி இருந்தால், புண்ணைக் கடல்நீரில் கழுவினால் ஆறிவிடுமா?
– இல்லத்தரசி

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. கடல்நீரில் அந்த மூலக்கூறுகள் இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம், உங்கள் புண்ணுக்கு எந்த வகையிலும் போதாது. வெதுவெதுப்பான கடல்நீரிலும் முகத்துவாரங்களிலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. திறந்த புண் வழியே நுழைந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். புண் இருந்தால் கடலில் இறங்காதீர்கள். இறங்கிய பிறகு புண் சிவந்து வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், கடலில் இறங்கியதையும் சொல்லுங்கள்.

கேள்வி: வேறு நாட்டுக் கடலிலிருந்து வண்டல் கொண்டுவந்து ஆராயலாமா?
– கல்லூரி விரிவுரையாளர்

பதில்: அந்த நாட்டின் அனுமதியும், பலனைப் பகிர்வதற்கான ஒப்பந்தமும் இருந்தால் ஆராயலாம். 2010-ல் ஜப்பானின் நகோயா நகரில் ஏற்று 2014-ல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை இதற்குத்தான். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடல் பகுதிக்கு 2023-ல் ஐ.நா.வில் தனி ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. காகித வேலை அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் பிறர் கரையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்து வந்து காப்புரிமை வாங்கிய காலம் மறுபடி வரக் கூடாது என்று நினைப்பவள் நான்.

கேள்வி: என்னிடம் நன்றாக வேலை செய்த ஸ்ட்ரெய்ன், திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்ததில் ஆன்டிபயாட்டிக் செய்வதையே நிறுத்திவிட்டது. மீட்க வழி உண்டா?
– ஆராய்ச்சி மாணவி

பதில்: சில நேரம் மீட்கலாம். முதலில் இப்போதைய வளர்ப்பிலிருந்து தனித்தனிக் காலனிகளாகப் பிரித்து, ஐம்பது அறுபது காலனிகளைத் தனித்தனியே சோதியுங்கள்; பழைய திறன் மிச்சமுள்ளது ஒன்றிரண்டு இருக்கலாம். ஸ்போர் வைக்காமல் மொட்டையாகத் தெரியும் காலனிகளைத் தள்ளிவிட்டு, முதல்நாள் பார்த்த அதே நிறமும் தூளும் உள்ளவற்றை முதலில் எடுங்கள். ஊடகத்தின் புதிய பாக்கெட் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். செயற்கைக் கடல் உப்புக்கு மாறியிருந்தால், இயற்கைக் கடல்நீரில் மறுபடி ஒருமுறை வளர்த்துப் பாருங்கள். குடுவையில் எக்ஸ்.ஏ.டி.-16 பிசின் மணிகள் சேர்த்து வளர்த்தால், சிறிதளவு செய்தாலும் மூலக்கூறு மணிகளில் ஒட்டிக்கொள்ளும். அசிட்டோனில் கழுவி எடுத்துவிடலாம். உண்மையிலேயே நின்றுபோனதா, குறைந்துபோனதா என்பது அப்போது தெரியும்.

இனிமேல் பிரிக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரெய்னையும், சுத்தமான காலனி கைக்கு வந்த அன்றே 20 சதவீத கிளிசராலில், நன்னீருக்குப் பதில் கடல்நீர் ஊடகத்தில், நாலைந்து குப்பிகளாக மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். இரண்டு குப்பிகள் வேறு ஃப்ரீசரில் இருக்கட்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முந்தைய பிளேட்டிலிருந்து மாற்றாமல், குப்பியிலிருந்தே புதிதாக எழுப்புங்கள். குப்பியின் மேல் எழுதுவதை ஆல்கஹால் பட்டால் அழியாத பேனாவால் எழுதுங்கள்.